பழுதுக்கும் ஒரு முகவரி உண்டு

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளிவிழாவில் எதனைப் பற்றிப் பேசலாம் என்று சங்கத்தாரோடு கலந்து பேசிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற ஓர் இளைஞர் குறுக்கிட்டார். "கணிப்பொறியின் பெருமையைப் பலரும் பேசிவிட்டார்கள். அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று யாராவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அக்கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம். நம் தெருக்களிலிருந்து கணிப்பொறி வேலைக்குச் சென்ற முதல் தலைமுறையினர் நாங்கள். இங்கே பேசுகின்ற குரல் ஒன்றேயாயினும், இதிலுள்ள அனுபவம் எங்களுள் மூவருடையது. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

நாங்கள் தொழில் கற்ற இயந்திரங்கள் இன்று பயன்பாட்டில் இல்லை. ஆயினும் அவற்றில் கற்ற முறை அழியவில்லை. அந்த முறையை உங்களிடம் ஒப்படைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

யூனிக்ஸ் என்பது யாது?

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். இயக்க முறைமை என்பது இயந்திரத்திற்கும் மனிதருக்கும் இடையே நின்று வேலையைப் பகிர்ந்தளிக்கும் மேலாளர் எனலாம். 1973ஆம் ஆண்டில் அது சி என்னும் மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதனால் ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடவாமல், வெவ்வேறு இயந்திரங்களுக்கும் செல்லும் ஆற்றலைப் பெற்றது.

அதன் தனிச்சிறப்பு, ஒரே கணிப்பொறியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பதாகும். ஊர்க் கிணறு ஒன்றில் பலர் தத்தம் வாளியை இறக்கி நீர் இறைப்பதைப் போன்றது அது. யார் எந்த வாளிக்கு உரியவர், யார் எதனைத் தொடலாம் என்பதை முறைமையே கணக்கில் வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தொடும் உரிமை 'ரூட்' என்னும் ஒரே பயனருக்கு மட்டும் உண்டு.

தொடக்கத்தில் பெரிய இயந்திரங்களில் மட்டும் இருந்த யூனிக்ஸ், 1980களில் மேசைமேல் வைக்கும் கணிப்பொறிக்கும் இறங்கி வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1980இல் ஜெனிக்ஸ் என்னும் வடிவத்தை அறிவித்தது. ஏடி அண்டு டி நிறுவனம் 1985இல் மோட்டரோலா 68010 என்னும் செயலியைக் கொண்டு யூனிக்ஸ் பிசி என்ற பெயரிலேயே ஒரு கணிப்பொறியை விற்றது. நம் நாட்டில், டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் வங்கிகளின் இயந்திரமயம் குறித்துப் பரிந்துரைகள் வழங்கியபின், வங்கிகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறிகள் மெல்ல நுழைந்தன. அவற்றுள் பல யூனிக்ஸ் இயந்திரங்களே. குளிரூட்டிய அறையில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து எட்டு அல்லது பதினாறு கேபிள்கள் வெளியே ஓடும். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் பச்சை எழுத்துத் திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு முனையம் இருக்கும். அதற்குச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாது. பெட்டி சொல்வதைக் காட்டும். நாம் தட்டுவதைப் பெட்டிக்கு அனுப்பும். அவ்வளவே.

பூட்டிய பீரோவும் திறந்த கையேடும்

1991ஆம் ஆண்டு மதுரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தோம். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். படித்திருந்தும், முனையங்களின்மேல் தூசி துடைப்பதும், அச்சுத்தாளை மடித்து அடுக்குவதுமே எங்களுக்கு இடப்பட்ட பணி. யூனிக்ஸ் கையேடுகள் தடித்த புத்தகங்களாக ஒரு பீரோவில் இருந்தன. அதன் சாவி ஓர் அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருந்தது. "உங்களுக்கு எதற்கு?" என்ற மூன்று சொற்கள்கூட இல்லாத கேள்விதான் நாங்கள் கேட்டபோது கிடைத்த விடை.

ஒரு மாதக் கடைசி நாளன்று முனையம் ஒன்று நின்றுபோயிற்று. எந்த விசையைத் தட்டினாலும் திரை அசையவில்லை. "துடைத்த கை எதையோ கெடுத்துவிட்டது" என்றார்கள். எழுத்து மூலம் விளக்கமும் கேட்டார்கள். மூன்று நாள் கழித்துச் சென்னையிலிருந்து பொறியாளர் வந்தார். முனையத்தின் முன் உட்கார்ந்தார். இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினார். மூன்று நாளாகத் தேங்கி நின்ற எழுத்துகள் மடை திறந்ததுபோல் திரையில் ஓடின. அவர் கையொப்பம் வாங்கிக்கொண்டு புறப்பட்டுச் சென்றார். அந்த இரண்டு விசைகள் யாவை என்று எவருக்கும் சொல்லவில்லை.

அன்று மாலை எங்களுள் ஒருவர், நல்ல மனம் படைத்த எழுத்தர் ஒருவரின் கணக்கில் உட்கார்ந்து, 'மேன்' என்னும் கட்டளையைத் தட்டிப் பார்த்தார். பீரோவில் பூட்டிக் கிடந்த அதே கையேடு, பக்கம் பக்கமாகத் திரையில் வந்தது. புத்தகத்தைப் பூட்டியவர்கள் இயந்திரத்திற்குள் இருந்த படியைப் பூட்ட மறந்திருந்தார்கள். அன்றுமுதல் அலுவல் முடிந்தபின் நாள்தோறும் ஒரு பக்கம் என்று படித்தோம். ஆங்கிலம் எங்களுக்குத் தடையாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்தை மூவரும் சேர்ந்து, தெரியாத சொற்களைத் துண்டுத்தாளில் எழுதி, மறுநாள் அகராதி பார்த்து, மீண்டும் படித்தோம்.

எஸ்.டி.டி.ஒய் என்னும் கட்டளையின் பக்கத்தில் விடை இருந்தது. கண்ட்ரோல் விசையோடு எஸ் என்னும் எழுத்தை அழுத்தினால், 'போதும், நிறுத்து' என்று முனையம் பெட்டிக்குச் சொல்கிறது. கண்ட்ரோலோடு கியூ என்னும் எழுத்தை அழுத்தினால், 'இனி அனுப்பு' என்று சொல்கிறது. வேகமாக ஓடும் எழுத்துகளை நிறுத்திப் படிப்பதற்காக ஏற்பட்ட வசதி அது. எங்கள் துடைக்கும் துணி அவ்விரண்டு விசைகளையும் அழுத்தியிருக்கலாம். அதனை நாங்கள் மறுக்கவில்லை. ஆயின், இரண்டு விசையில் தீரும் ஒன்றை மூன்று நாள் பழியாக்கியது எங்கள் துணியன்று. அறியாமையும், அறிந்ததை மறைத்தலும் சேர்ந்து செய்த வேலை அது.

அந்தக் கையேட்டில் நாங்கள் கண்ட இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1971 நவம்பரில் வெளிவந்த முதற்பதிப்பு முதற்கொண்டே, யூனிக்ஸ் கையேட்டின் பக்கங்களில் 'குறைகள்' என்றொரு பகுதி உண்டு. கட்டளையை எழுதியவரே, அது எங்கே தவறும், எதனைச் செய்யாது என்பதைத் தம் கையால் எழுதி வைக்கும் இடம் அது. எல்லாம் அறிந்தவர்போல் நடிப்பவர்களிடமே நாங்கள் அதுவரை பாடம் கேட்டிருந்தோம். தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் கல்வியை அங்கேதான் முதன்முதலில் கண்டோம்.

திரை சொல்லும் குறிகள்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, முனையத்தின் திரையைப் பார்த்தே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒருநாள் சாவி வைத்திருந்த அந்த அதிகாரியின் முனையமே விபரீதமாக நடந்துகொண்டது. வந்த எழுத்துகள் யாவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளாகவே வந்தன. அவர் தம் பெயரைத் தட்டும்போது பெரிய எழுத்துக்கான பூட்டு விசை அழுத்தப்பட்டுக் கிடந்தது. பழைய காலத்தில் பெரிய எழுத்து மட்டுமே உடைய முனையங்கள் இருந்தன. ஆகவே பயனர் பெயர் முழுதும் பெரிய எழுத்தில் வந்தால், 'இது அத்தகைய ஏழை முனையம் போலும்' என்று யூனிக்ஸ் கருதி, எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அனுப்பத் தொடங்கிவிடும். பூட்டு விசையை விடுவித்து, கண்ட்ரோலோடு டி என்னும் எழுத்தை அழுத்தி, புதிதாக நுழையச் சொன்னோம். சரியாயிற்று. அன்று பீரோச் சாவி எங்களுக்குக் கிடைத்துவிடவில்லை. ஆயினும் அடுத்த பழுதுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

திரையில் பொருளற்ற குப்பை எழுத்துகள் வந்தால், கம்பி உயிரோடு இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை என்று அறியலாம். பெட்டி நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசும்போது முனையம் 1200 பிட் வேகத்தில் கேட்டால், பேச்சு குழறத்தான் செய்யும். எழுத்துகள் சரியாக வந்து, பக்கம் மட்டும் சிதறினால், முனையத்தின் வகை தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது என்று பொருள். ஒன்றுமே வரவில்லையெனில் கம்பியைப் பார்க்க வேண்டும்.

கம்பியும் மண்ணும்

அக்காலக் கேபிளின் முனையில் 25 ஊசிகள் கொண்ட இணைப்பான் இருந்தது. ஆயினும் பேசுவதற்கு இன்றியமையாதவை மூன்றே. இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி, ஏழாம் ஊசி. முதலிரண்டில் ஒன்று பேசும் வழி, மற்றொன்று கேட்கும் வழி. ஏழாவது பொது நிலம். இருபுறமும் ஒரே வகைக் கருவியாயின், இரண்டையும் மூன்றையும் குறுக்காக மாற்றி இணைக்க வேண்டும். இல்லையேல் வாயோடு வாயும், காதோடு காதும் இணைந்ததாகிவிடும். புதிதாகப் போட்ட முனையம் பேசவில்லையென்றால், நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நம் ஊர் மழைக்காலத்தில் வேறொரு தொல்லை வரும். ஐப்பசி இடி முழக்கம் கேட்ட மறுநாள், இரண்டு மூன்று முனையங்கள் செத்துக் கிடக்கும். பெட்டி ஒரு கட்டடத்திலும் முனையம் அடுத்த கட்டடத்திலும் இருந்து, இரண்டிற்கும் தனித்தனி எர்த் இருந்தால், இரு மண்ணுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு அந்த ஏழாம் ஊசி வழியே பாயும். 1488, 1489 என்னும் எண்களையுடைய இரண்டு சிறிய சில்லுகள்தாம் அவ்வழியின் காவலாளிகள். அவை கருகிவிடும். சில்லை மாற்றுவது எளிது. ஆனால் எர்த்தைச் சரிசெய்யாமல் சில்லை மட்டும் மாற்றினால், அடுத்த இடிக்கு அதுவும் போகும். நோயின் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவது போன்றது அது.

இந்த எர்த் என்பது சிவகாசிப் பக்கத்து மக்களுக்குப் புதிய செய்தியா? பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை, இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் பலர் அறிவார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் மண்ணில் இறங்கிவிட வேண்டும் என்பதற்காகவே அது. வறண்ட காற்றுடைய நம் கரிசல் பூமியில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். கணிப்பொறியின் உட்பலகையைத் தொடுமுன் நாங்கள் செய்வதும் அதுவே. முதலில் பெட்டியின் உலோக உடலைத் தொடுவோம், பிறகே பலகையைத் தொடுவோம். எங்களுக்கு அதனைப் பொறியியல் கல்லூரி கற்பிக்கவில்லை. எங்கள் அன்னையர் செய்யக் கண்டு கற்றோம்.

மின்வெட்டுக்குப் பின்

மின்சாரம் திடீரென்று போனால் யூனிக்ஸ் இயந்திரத்திற்கு வேறு வகையான காயம் ஏற்படும். நாம் எழுதும் எதனையும் அது உடனுக்குடன் டிஸ்கில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து, நேரம் பார்த்து எழுதும். மளிகைக் கடைக்காரர் பற்று வரவைச் சிட்டையில் குறித்துக்கொண்டு, இரவில் பேரேட்டில் ஏற்றுவதுபோல. சிட்டை ஏறுமுன் விளக்கு அணைந்தால் பேரேடு தவறிவிடும் அன்றோ? இதனாலேயே இயந்திரத்தை நிறுத்துமுன் 'சிங்க்' என்னும் கட்டளையைக் கொடுத்து, சிட்டையைப் பேரேட்டில் ஏற்றிவிடும் வழக்கம் ஏற்பட்டது.

மின்வெட்டு முடிந்து இயந்திரம் எழும்போது, 'எஃப்.எஸ்.சி.கே' என்னும் கட்டளை பேரேட்டைத் தணிக்கை செய்யும். எந்த அடைவிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் கோப்புகளைக் கண்டால், 'திரும்ப இணைக்கலாமா?' என்று கேட்கும். ஆம் என்றால், 'இழந்தவையும் கிடைத்தவையும்' என்று பொருள்படும் பெயருடைய ஓர் அடைவில் அவற்றைச் சேர்த்துவைக்கும். பெயர் போயிருக்கும், உள்ளடக்கம் இருக்கும். அப்பொழுது பதற்றத்தில் 'இல்லை, நீக்கு' என்று விடையளித்து, ஒரு மாத வேலையை இழந்தவர்களை நாங்கள் அறிவோம். கேள்வியை முழுதும் படிக்காமல் விடை சொல்லாதீர்கள் என்பது தேர்வறைக்கு மட்டும் உரிய அறிவுரையன்று.

தொலைவிலுள்ள இயந்திரத்தோடு பேசுதல்

ஓர் அலுவலகத்திற்குள் நடக்கும் பேச்சைப் பார்த்தோம். ஊருக்கு ஊர் கணிப்பொறிகள் பேசிக்கொள்ளத் தொடங்கிய கதையும் யூனிக்ஸோடு பிணைந்ததே. 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. அதில் தொடக்கத்திலேயே பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. முதற்காலத்தில் மோடம் வழியாகத் தொலைபேசியில் அழைத்து, யூ.யூ.சி.பி. என்னும் முறையில் அஞ்சல் மாற்றிக்கொண்டனர். கடிதம் ஓர் இயந்திரத்தில் காத்திருக்கும். அழைப்புக் கிடைத்ததும் அடுத்த இயந்திரத்திற்கு நகரும். ஊர்விட்டு ஊர் செல்லும் அஞ்சல் பை போன்றதே அது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அழைக்கும் இயந்திரம், மறுமுனை 'லாகின்' என்று கேட்கும்வரை காத்திருந்து, பிறகே தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஆனால் அமைப்புக் கோப்பில் அச்சொல்லை முழுதாக எழுதமாட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு, மீதியை மட்டுமே எழுதுவார்கள். ஏனெனில் முதல் எழுத்து பெரியதாகவும் வரலாம், சிறியதாகவும் வரலாம். தொலைபேசிக் கம்பியின் இரைச்சலில் விழுந்தும் போகலாம். எது நிச்சயமாக வருமோ, அதை மட்டும் நம்பு என்பது அதன் பொருள்.

அழைப்பு நடுவில் அறுந்தால் இன்னொரு தொல்லை. மோடத்தைப் பயன்படுத்தும் நிரல், 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு பூட்டுக் கோப்பை வைத்துவிட்டுத்தான் தொடங்கும். அது திடீரென்று இறந்தால் பூட்டு மட்டும் எஞ்சி நிற்கும். வீடு காலி. கதவில் பூட்டு. அடுத்து வருவோர் எல்லாரும் 'யாரோ இருக்கிறார்' என்று திரும்பிப் போவர். உள்ளே உண்மையில் யாரேனும் உள்ளாரா என்று பார்த்து, இல்லையெனில் பூட்டை நீக்க வேண்டும். பாராமல் நீக்குவதும் தவறு, பார்க்கவே அஞ்சுவதும் தவறு.

பிறகு ஈதர்நெட் வந்தது. மெல்லிய கோஆக்ஸ் கேபிள் ஒன்று அறை அறையாகச் சென்று எல்லா இயந்திரங்களையும் தொடுத்தது. ஒரு தொடரின் நீளம் 185 மீட்டருக்கு மிகலாகாது. இரு முனைகளிலும் 50 ஓம் தடை கொண்ட மூடி இருத்தல் வேண்டும். ஒரு மூடி கழன்றாலும், கம்பியில் சென்ற குறி முனையில் மோதி எதிரொலித்து, எல்லார் பேச்சையும் குழப்பும். தரையைப் பெருக்குவோர் நாற்காலியை நகர்த்தினால் மொத்த அலுவலகமும் ஊமையாகும்.

எந்த இடத்தில் பழுது என்று எப்படிக் கண்டறிவது? இயந்திரங்களை நிறுத்திவிட்டு, ஓர் இணைப்பில் கம்பியின் நடுவுக்கும் உறைக்கும் இடையே சாதாரண மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இருபுறமும் 50 ஓம் இருப்பதால், இரண்டும் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 25 காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. அப்பொழுது நடுவில் ஓரிடத்தில் கம்பியைப் பிரித்து, இரு பாதிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். 50 காட்டும் பாதி நல்லது. மற்றதை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பதினாறு இடத்தில் எங்கே என்று தேடியது நான்கே அளவையில் கிடைத்துவிடும். நூறு முறை ஓடித் தேடுவதினும், நான்கு முறை சிந்தித்துத் தேடுவது மேல்.

கம்பி நன்றாக இருந்தால் 'பிங்' என்னும் கட்டளை துணைக்கு வரும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பார் எழுதியது. ஓர் இயந்திரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'இருக்கிறேன்' என்ற விடை வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. முதலில் 127.0.0.1 என்னும் முகவரியில் தன்னைத்தானே கூப்பிட வேண்டும். பிறகு தன் சொந்த முகவரியை, பிறகு அதே கம்பியிலுள்ள அண்டை இயந்திரத்தை, பிறகு வெளியே செல்லும் வாயிலை, இறுதியில் தொலைவிலுள்ள இயந்திரத்தை. எண்ணால் கூப்பிட்டால் விடை வருகிறது, பெயரால் கூப்பிட்டால் வரவில்லை என்றால், கம்பியும் வழியும் நலம், பெயர்ப் பட்டியலில்தான் பழுது. விடை எந்தப் படியில் நின்றுவிடுகிறதோ, அங்கேதான் பழுது குடியிருக்கிறது. பழுதுக்கும் ஒரு முகவரி உண்டு என்று தலைப்பிட்டதன் காரணம் இதுவே.

நாங்கள் கைக்கொண்ட விதிகள்

இத்தனை ஆண்டுப் பழக்கத்தைச் சுருக்கிச் சொன்னால் ஐந்து விதிகள் ஆகும்.

ஒன்று: நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், இடையில் மாறியது என்ன என்று கேளுங்கள். 'ஒன்றும் மாறவில்லை' என்ற விடையை ஏற்காதீர்கள்.

இரண்டு: பழுது ஒருவருக்கா, அனைவருக்குமா என்று பாருங்கள். ஒருவருக்கு எனில் அவருடைய கம்பி. அனைவருக்கும் எனில் பொதுவானது எதுவோ, அது.

மூன்று: அடியிலிருந்து மேலே ஏறுங்கள். மின்சாரம், கம்பி, வேகம், முகவரி, பெயர், அனுமதி என்பதே வரிசை. பெரிய காரணத்தைத் தேடுமுன், சொருகி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியானால், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். மாற்றுமுன் பழைய கோப்பைப் படியெடுத்து வையுங்கள்.

ஐந்து: எழுதி வையுங்கள். இதனை ஐந்தாவதாகச் சொன்னாலும் இதுவே தலையாயது.

இவ்விதிகளில் பெரும்பாலானவற்றை நம் பெற்றோர் பட்டாசு அறையிலும் தீப்பெட்டி ஆலையிலும் கடைப்பிடித்தவர்களே. ஒரு மருந்து இருக்கும் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவராதே, அளவை மீறாதே, சிந்தியதைத் துடைக்காமல் அடுத்ததைத் தொடாதே என்ற ஒழுங்கு அவர்கள் கைகளில் ஊறியது. ஆனால் அங்கே ஒருவரின் பிழை உயிரையே கேட்கும், பல நேரங்களில் பிழை செய்யாதவரின் உயிரையும் சேர்த்துக் கேட்கும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. கணிப்பொறியின் முன் நிகழும் பிழையோ பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுதை மட்டுமே கேட்கும். அத்தனை பெரிய ஆபத்தின் நடுவே கை நடுங்காமல் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், ஒரு விசைப்பலகையைத் தொடத் தயங்குவானேன்?

இன்றைக்கு இதனால் என்ன பயன்?

பழைய முனையங்கள் போய்விட்டன, இவற்றைக் கற்று என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் முறையைப் பின்பற்றி லினக்ஸ் என்னும் கருவை எழுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் ஓடுவது அந்த லினக்ஸ் கருவே. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. நம் வீடுகளில் எத்தனையோ மடிக்கணினிகள் 'கெட்டுப்போனது' என்ற பெயரோடு பரணில் கிடக்கின்றன. அவற்றை இறக்குங்கள். அவற்றில் 'மேன்' இருக்கிறது, 'பிங்' இருக்கிறது, 'எஃப்.எஸ்.சி.கே' இருக்கிறது. நாங்கள் திருட்டுத்தனமாக மாலையில் படித்த கையேடு, உங்கள் வீட்டுப் பரணில் பூட்டின்றிக் கிடக்கிறது.

தொழில்நுட்பம் பிறப்போடு வருவதன்று. சென்று கற்பவரிடம் வருவது. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததும் அப்படித்தான். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்த பின்னரே, அது இம்மண்ணின் தொழிலாயிற்று. கற்ற இருவரோடு நில்லாமல் ஊருக்குப் பரவியதனாலேயே அது தொழிலாக வளர்ந்தது.

ஆகவே வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் படிப்பகத்தில் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வையுங்கள். அதற்குப் 'பழுதுக் குறிப்பேடு' என்று பெயரிடுங்கள். நம் பிள்ளைகளுள் யார் எந்தப் பழுதைத் தீர்த்தாலும், அது கணினியோ, கைபேசியோ, தெருவில் ஓடும் இணையக் கேபிளோ, நான்கு வரி தமிழில் எழுதட்டும். என்ன கண்டேன், எதனைச் சோதித்தேன், காரணம் யாது, எப்படித் தீர்த்தேன் என்பன அந்நான்கு. அதற்குக் கீழே, பெல் ஆய்வுக்கூடத்தார் காட்டிய வழியில், ஐந்தாவதாக ஒரு வரியும் எழுதட்டும்: எனக்கு இன்னும் விளங்காதது எது என்று. அந்த ஐந்தாவது வரிக்கு அடுத்த பிள்ளை விடை எழுதுவான், அல்லது எழுதுவாள்.

அந்நோட்டுப் புத்தகத்திற்குப் பூட்டு வேண்டாம். பீரோவும் வேண்டாம். படிப்பகத்தின் நடு மேசையில், வருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கட்டும். அந்தப் பொறியாளர் இரண்டு விசைகளைச் சொல்லாமல் போனதால் நாங்கள் பட்ட பாட்டை, நம் பிள்ளைகள் ஒருவரும் படலாகாது. இரண்டு விசைதான் என்றாலும், அறிந்தவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

முதல் பக்கத்தின் முதல் குறிப்பை நாங்களே இன்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கிறோம். திரை நின்றுவிட்டால், கண்ட்ரோலையும் கியூவையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.